ஆய்வில் சேர்வதா, வேண்டாமா?

மீசோதீலியோமா நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் சேர்ந்து எண்ணிப் பார்ப்பதற்கு

மூச்சிரைப்பும் விலாவில் ஓயாத வலியுமாக மருத்துவமனைக்கு வரும் ஒருவருக்கு நெஞ்சில் கோத்த நீரை எடுத்து, சதைத் துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பி, பல நாள் காத்திருப்புக்குப் பின் ஒரு பெயர் சொல்லப்படுகிறது: மீசோதீலியோமா. அதுவரை கேட்டறியாத அப்பெயரைக் குடும்பத்தார் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போகின்றனர். பெயரே நாவில் பழகாத அந்நிலையில், அடுத்த சந்திப்பிலேயே மருத்துவர் இன்னொன்றையும் சொல்லக்கூடும்: "இந்நோய்க்கு ஒரு மருத்துவ ஆய்வு நடைபெறுகிறது. நீங்கள் விரும்பினால் அதில் சேர இயலுமா என்று பார்க்கலாம்."

'கிளினிக்கல் டிரையல்' என்று பலரும் அறிந்துள்ள இந்த மருத்துவ ஆய்வைப் பற்றிப் பேச்சு எழுந்தவுடன் வீட்டில் இருவேறு குரல்கள் ஒலிக்கும். "புதிய மருந்து கிடைக்கிறது, வந்த வாய்ப்பை விடலாமா?" என்பது ஒன்று. "அப்பாவைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்" என்பது மற்றொன்று. முதற்குரலில் நம்பிக்கையும் இரண்டாவதில் அச்சமும் இருக்கின்றன. இரண்டுமே இயல்பானவை, ஆனால் இரண்டில் எதுவும் முடிவெடுக்கப் போதுமானதன்று. சேருங்கள் என்றோ சேராதீர்கள் என்றோ சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அம்முடிவை எடுக்குமுன் அறிந்திருக்க வேண்டியவற்றை முறையாக எடுத்துரைப்பதே நோக்கம்.

நோயும் அதன் வேரும்

நுரையீரலின் மேலும் மார்புக்கூட்டின் உட்புறத்திலும் மெல்லிய உறை ஒன்று படர்ந்துள்ளது. வயிற்றினுள் குடல் முதலான உறுப்புகளைச் சூழ்ந்தும் அத்தகைய உறை உண்டு. இவ்வுறைகளில் தோன்றும் புற்றே மீசோதீலியோமா. பெரும்பாலும் அது நுரையீரல் உறையில் வருகிறது. சிலருக்கு வயிற்றுறையில் வருகிறது. இது நுரையீரல் புற்றுநோயினின்று வேறானது. புகைபிடித்தல் இதற்குக் காரணமன்று.

இந்நோயின் தலையாய காரணம் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார். கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்ணிழைகள் மூச்சோடு உட்புகுந்து தங்கிவிடுகின்றன. தூசி படிந்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் கழிகின்றன. கல்நார்ச் சிமென்ட் தகடு ஆலை, மின்நிலையங்களிலும் ஆலைகளிலும் கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் வெப்பக்காப்புப் பூசும் வேலை, கப்பல் கட்டும் தளம், கப்பல் உடைக்கும் தளம், ரயில் பெட்டிப் பணிமனை, பிரேக் லைனிங் தயாரிப்பு ஆகியவை இத்தூசி மிகுந்திருந்த வேலையிடங்கள். அங்கு உழைத்தவரின் தூசி படிந்த உடைகளை வீட்டில் துவைத்த மனைவியர்க்கும் இந்நோய் வந்துள்ளது. இந்தியாவில் வெண்கல்நார் இன்றும் இறக்குமதி செய்யப்பட்டுக் கூரைத் தகடுகளாக வார்க்கப்படுகிறது.

ஆகவே இந்நோய் நோயாளியின் ஒழுக்கக் குறைவால் வந்ததன்று. பெரும்பாலும் பிழைப்புக்காகச் செய்த வேலையால் வந்தது. இதைக் குடும்பத்தார் மனத்திற் கொள்வது நல்லது. வேலை விவரங்களை நினைவுகூர்ந்து எழுதி வைப்பதும், பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, தொழிலாளர் காப்பீட்டு அட்டை ஆகியவற்றைத் தேடி எடுத்து வைப்பதும் பயன்தரும். கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேடுகளை வேலையில் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகள் வரையிலோ, பணி ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள் வரையிலோ, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை ஆலைகள் காத்து வைக்க வேண்டும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

நுண்ணோக்கியின் வழிப் பார்க்கும்போது இந்நோய் மூவகைப்படும். எபிதீலியாய்டு என்பது ஒப்பளவில் மெல்ல வளர்வது. சார்கோமடாய்டு என்பது விரைந்து பரவுவது. இரண்டும் கலந்தது பைஃபேசிக். உங்கள் ஆய்வக அறிக்கையில் இவற்றுள் எது எழுதப்பட்டுள்ளது என்பதைக் கேட்டறியுங்கள். எந்த ஆய்வில் சேர இயலும், எந்தச் சிகிச்சை மிகுதியாகப் பயன்படக்கூடும் என்பவை இவ்வொரு சொல்லைப் பொறுத்து மாறக்கூடும்.

மருத்துவ ஆய்வு என்பது என்ன?

மருத்துவர் வழக்கமான சிகிச்சை அளிக்கும்போது அவர் முன் உள்ள வினா ஒன்றே: இந்நோயாளிக்கு இன்று எது நல்லது? ஆய்வு நடத்தும்போது இன்னொரு வினாவும் சேர்கிறது: இனி வரும் நோயாளிகளுக்கு எது நல்லது? இவ்விரண்டும் பெரும்பாலும் இணைந்தே செல்லும். ஆயினும் அவை ஒன்றல்ல. ஆய்வில் மருந்தின் அளவும், ஸ்கேன் எடுக்கும் நாளும், இரத்தம் எடுக்கும் முறையும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட திட்டத்தின்படி நடக்கும். இவ்வேறுபாட்டைப் புரிந்துகொண்டு சேர்பவர் பின்னர் ஏமாற்றம் அடைவது குறைவு.

ஆய்வுகள் படிப்படியாக நடைபெறுகின்றன. முதற்கட்டத்தில் மருந்து பாதுகாப்பானதா, எவ்வளவு அளவு தாங்கும் என்று சிலரிடம் மட்டும் பார்க்கிறார்கள். அதனால் நோய் குறையும் என்று எதிர்பார்ப்பதற்கு அக்கட்டத்தில் போதிய சான்று இருப்பதில்லை. இரண்டாம் கட்டத்தில் மருந்துக்கு நோயின்மீது விளைவு உண்டா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானோரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினர்க்குப் புதிய சிகிச்சையும் மற்றொரு பிரிவினர்க்கு இன்று வழக்கிலுள்ள சிகிச்சையும் அளித்து ஒப்பிடுகிறார்கள். உங்களிடம் பேசப்படும் ஆய்வு எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் வினா.

யார் எந்தப் பிரிவில் சேர்வது என்பதை மூன்றாம் கட்டத்தில் பெரும்பாலும் கணினி வழியாகக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்கள். மருத்துவரோ நோயாளியோ அதைத் தேர்ந்தெடுக்க இயலாது. "தெரிந்தவர் மூலம் சொல்லிப் புதிய மருந்துப் பிரிவில் சேர்த்துவிடலாம்" என்பது நடவாது. நடந்தால் அந்த ஆய்வே பயனற்றுப் போகும். புதிய மருந்து கட்டாயம் வேண்டும் என்பதற்காக மட்டுமே சேர்பவர், குலுக்கலில் மற்றப் பிரிவு விழுந்தால் அதை ஏற்க மனம் இசைகிறதா என்று முன்னரே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சில ஆய்வுகளில் மருந்துப்போலி, அதாவது மருந்தைப் போன்ற தோற்றமுடைய ஆனால் மருந்தில்லாத குளிகையோ ஊசியோ ஒரு பிரிவினர்க்குத் தரப்படும். பல ஆய்வுகளில் அது வழக்கமான சிகிச்சையோடு சேர்த்தே தரப்படுகிறது. அங்ஙனமின்றி மருந்துப்போலி மட்டுமே தரப்படும் பிரிவு இருக்கிறதா என்பதை வெளிப்படையாகக் கேளுங்கள்.

முந்தைய ஆய்வுகள் கற்பித்தவை

புதியது என்பதாலேயே ஒன்று மேலானதாகிவிடுமா? இந்நோயின் ஆய்வு வரலாறே அதற்கு விடை கூறுகிறது.

இன்று இந்நோய்க்குப் பரவலாக அளிக்கப்படும் கீமோ மருந்துகள் பெமெட்ரெக்ஸெட், சிஸ்பிளாட்டின் ஆகிய இரண்டும். இவ்விணையின் பயனை நிறுவியது 2003-இல் வெளியான ஒரு மூன்றாம் கட்ட ஆய்வு. சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவருள் பாதிப்பேர் 9.3 மாதங்களைக் கடந்தனர். இரு மருந்துகளும் பெற்றவருள் பாதிப்பேர் 12.1 மாதங்களைக் கடந்தனர். அந்த ஆய்வின் தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் கடுமையான பக்கவிளைவுகளுக்கு ஆளாயினர். அதன்பின் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12-உம் சேர்த்துத் தரப்பட்டன, பக்கவிளைவுகள் குறைந்தன. இன்று பெமெட்ரெக்ஸெட் பெறும் நோயாளி நாள்தோறும் விழுங்கும் ஃபோலிக் அமிலக் குளிகையும், சில வாரங்களுக்கு ஒருமுறை போடப்படும் பி12 ஊசியும் அப்படி வந்தவையே. முதலில் சேர்ந்தவர்கள் பட்ட துன்பம் பின்வந்தவர்களைக் காத்தது. ஆய்வின் சிறப்பும் அதன் விலையும் இந்த ஒரே நிகழ்வில் அடங்கியுள்ளன.

அதன்பின் பல ஆண்டுகள் பெரிய முன்னேற்றம் இல்லை. வோரினோஸ்டாட் என்னும் மருந்து தொடக்க ஆய்வுகளில் நம்பிக்கை அளித்தது. 661 பேர் பங்கேற்ற மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவு 2015-இல் வெளியானபோது, அம்மருந்து ஆயுளைக் குறிப்பிடத்தக்க அளவில் நீட்டவில்லை என்று தெரிந்தது. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் டிரெமெலிமுமாப் என்னும் மருந்து 571 பேரிடம் ஆராயப்பட்டது. 2017-இல் வெளியான அம்முடிவிலும் மருந்து பெற்றோர்க்கும் மருந்துப்போலி பெற்றோர்க்கும் ஆயுளில் வேறுபாடு இல்லை.

ஆனால் நோயெதிர்ப்புச் சிகிச்சை அத்துடன் முடிந்துவிடவில்லை. டிரெமெலிமுமாப் தடுக்கும் அதே புரதத்தைத் தடுக்கும் இப்பிலிமுமாப் என்னும் மருந்தை நிவோலுமாப் என்னும் மற்றொன்றோடு இணைத்து, 605 பேரிடம் கீமோவோடு ஒப்பிட்டனர். 2021-இல் வெளியான அந்த ஆய்வில், கீமோ பெற்றவருள் பாதிப்பேர் 14.1 மாதங்களையும், நோயெதிர்ப்பு மருந்து இணையைப் பெற்றவருள் பாதிப்பேர் 18.1 மாதங்களையும் கடந்தனர். எபிதீலியாய்டு அல்லாத வகையினரில் வேறுபாடு இன்னும் மிகுதி: 8.8 மாதங்களுக்கு எதிராக 18.1 மாதங்கள். எபிதீலியாய்டு வகையினரிலோ இரு சிகிச்சைக்கும் இடையிலான வேறுபாடு குறைவாகவே இருந்தது. ஆய்வக அறிக்கையில் உள்ள அந்த ஒரு சொல்லைக் கேட்டறியுமாறு மேலே கூறியது இதனால்தான்.

அறுவை சிகிச்சையின் கதை வேறு. நோயுற்ற உறையை விரிவாக அகற்றும் பெரிய அறுவை சிகிச்சை, செய்ய இயன்றவர்க்கெல்லாம் நன்மை தரும் என்று பல்லாண்டுகள் நம்பப்பட்டது. பிரிட்டனில் 'மார்ஸ் 2' என்னும் ஆய்வில் 335 பேர் சேர்ந்தனர். ஒரு பிரிவினர்க்குக் கீமோவோடு அறுவை சிகிச்சையும், மற்றப் பிரிவினர்க்குக் கீமோ மட்டும் அளிக்கப்பட்டன. 2024-இல் வெளியான முடிவு பலரை வியக்கச் செய்தது. அறுவை சிகிச்சைப் பிரிவில் பாதிப்பேர் கடந்த காலம் 19.3 மாதங்கள், அறுவை சிகிச்சையின்றிக் கீமோ மட்டும் பெற்ற பிரிவில் 24.8 மாதங்கள். கடுமையான பாதிப்புகளும் அறுவை சிகிச்சை பெற்றவர்களிடமே மிகுந்திருந்தன. குலுக்கலில் 'வெறும் கீமோ' விழுந்ததே என்று அன்று வருந்திய குடும்பங்கள் இருந்திருக்கக்கூடும். எது நற்பேறு, எது இழப்பு என்பது ஆய்வு முடியும்வரை மருத்துவருக்கும் தெரியாது. தெரியாததனால்தான் ஆய்வு நடைபெறுகிறது.

எண்களை எங்ஙனம் படிப்பது?

மேலே கூறிய மாதக் கணக்குகளைப் பார்த்து மனம் தளர்வது இயல்பு. அவற்றைச் சரியாகப் படிக்க வேண்டும். 'பாதிப்பேர் கடந்த காலம் 18.1 மாதங்கள்' என்றால் எல்லோரும் 18 மாதங்களில் இறந்துவிட்டனர் என்று பொருளன்று. பாதிப்பேர் அதற்குக் குறைவாகவும், மறுபாதியினர் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என்பதே பொருள். அம்மேற்பாதியில் சிலர் பல ஆண்டுகள் வாழ்கின்றனர். மேற்கூறிய 2021 ஆய்வில் மூன்றாண்டு கடந்தும் வாழ்ந்தோர், நோயெதிர்ப்பு மருந்து இணையைப் பெற்றவருள் நூற்றுக்கு 23 பேர். கீமோ பெற்றவருள் 15 பேர்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தொல்லுயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982-இல் வயிற்றுறை மீசோதீலியோமா கண்டறியப்பட்டது. நூலகத்திற்குச் சென்று படித்த அவர், நோய் கண்டறிந்தபின் பாதிப்பேர் கடந்த காலம் எட்டு மாதங்களே என்று அறிந்தார். எண்களோடு பழகியவராதலால், அந்த எட்டு மாதம் தமக்கென எழுதிய தீர்ப்பன்று என்பதை அவர் உணர்ந்தார். அப்போது ஆராய்ச்சி நிலையில் இருந்த சிகிச்சைமுறை ஒன்றில் சேர்ந்தார். இந்த எண்ணைப் பற்றி 1985-இல் கட்டுரையும் எழுதினார். நோய் கண்டறியப்பட்டபின் இருபதாண்டுகள் வாழ்ந்து, 2002-இல் வேறொரு புற்றுநோயால் மறைந்தார். ஒருவர் வாழ்ந்தார் என்பதால் எல்லோரும் அவ்வாறே வாழ்வர் என்று கொள்ளுதல் தகாது. அவர் இளையவர், அவருக்கு நோய் தொடக்க நிலையில் இருந்தது, சிறந்த மருத்துவமும் கிடைத்தது. ஆயினும் நடு எண் ஒன்றை மட்டும் பார்த்து ஒருவரின் நாள்களை எண்ணிவிடக் கூடாது என்பதற்கு அவர் வாழ்க்கை நல்ல சான்று.

நோயாளி அறியாமல் ஒப்புதல் இல்லை

நம் குடும்பங்களில் நோயின் பெயரை நோயாளியிடமிருந்து மறைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. "அப்பா தாங்கமாட்டார் டாக்டர், நெஞ்சில் நீர் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று மகனோ மகளோ அறைக்கு வெளியே கைகூப்பி நிற்பதை ஒவ்வொரு மருத்துவரும் கண்டிருப்பார். அன்பினால் எழும் வேண்டுகோள் அது. அதைப் பழித்தல் ஆகாது.

ஆனால் மருத்துவ ஆய்வு என்று வரும்போது அவ்வழி அடைபடுகிறது. தம் நோய் இன்னதென்றும், வழக்கமான சிகிச்சைகள் இன்னின்னவென்றும், ஆய்வில் தமக்கு நேரக்கூடியவை யாவை என்றும் அறியாத ஒருவர் தரும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. தம் முடிவைத் தாமே எடுக்கும் நிலையிலுள்ள நோயாளிக்காக மகனோ மனைவியோ ஒப்பமிட இயலாது. ஆகவே, ஆய்வைப் பற்றிப் பேசுமுன் நோயைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

அதை எங்ஙனம் தொடங்குவது? முதலில் நோயாளிக்கு எவ்வளவு தெரியும் என்று கேளுங்கள். "அப்பா, உங்களுக்கு என்ன என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்ற ஒரு வினா போதும். வீட்டார் மறைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்க, நோயாளி முன்னமே ஊகித்துத் தாமும் வீட்டாரிடம் மறைத்துக்கொண்டிருப்பது அரிதன்று. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதையும் கேளுங்கள். சிலர் யாவற்றையும் அறிய விரும்புவர். சிலர் தேவையானதை மட்டும் கேட்பர். சொல்வதற்குத் துணை வேண்டுமெனில் மருத்துவரையோ செவிலியரையோ மருத்துவச் சமூகப் பணியாளரையோ உடன் இருக்குமாறு கேட்கலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. "நீங்கள் சொன்னால் சரிதான் டாக்டர்" என்று உடனே கையெழுத்திடும் நோயாளிகள் பலர். மருத்துவர்மீது வைக்கும் நம்பிக்கை நன்றே. ஆனால் சிகிச்சையளிக்கும் மருத்துவரே ஆய்வையும் நடத்துபவராக இருக்கும்போது, அவர் மனம் நோகும் என்றோ, மறுத்தால் கவனிப்புக் குறையும் என்றோ அஞ்சிச் சேர்தல் கூடாது. மறுப்பதால் வழக்கமான சிகிச்சையில் எவ்விதக் குறையும் வரலாகாது. இது நோயாளியின் உரிமை. வேண்டுமெனில் ஆய்வில் தொடர்பில்லாத மற்றொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

சட்டம் தரும் காப்பு

'சோதனை எலி' என்னும் அச்சத்திற்கு விடை சட்டத்தில் உள்ளது. இந்தியாவில் புதிய மருந்துகள் பற்றிய ஆய்வுகளை 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. புதிய மருந்தை மனிதரிடம் ஆராய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அக்குழுவில் குறைந்தது ஏழு உறுப்பினர் இருத்தல் வேண்டும். அவர்களுள் ஒரு பெண், ஒரு சட்ட அறிஞர், மருத்துவத் துறை சாராத பொதுமக்களுள் ஒருவர் ஆகியோர் இடம்பெற வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேரேனும் அந்நிறுவனத்தைச் சாராதவராக இருக்க வேண்டும்.

ஆய்வில் சேருமுன் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் நோயாளிக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும். தமிழில் கேட்டுப் பெறுங்கள். படிக்க இயலாதவர்க்கு, ஆய்வில் தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் அது படித்து விளக்கப்பட வேண்டும். ஒப்பமிட்ட படிவத்தின் படி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். எந்த நேரத்திலும், காரணம் கூறாமலும், ஆய்விலிருந்து விலகலாம்.

ஆய்வின் போது பங்கேற்பாளருக்கு உடற்கேடு நேர்ந்தால் இலவச மருத்துவ உதவி அளிக்கப்பட வேண்டும். கேடோ இறப்போ ஆய்வினால் நேர்ந்தது என்று முடிவானால், ஆய்வை நடத்தும் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். கடுமையான பாதிப்புகளை ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே உடலில் எந்த மாற்றம் தோன்றினாலும், அது நோயினால்தான் என்று தாமே முடிவு செய்துகொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

ஆய்வு முறைப்படி நடப்பதா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் 2007 முதல் இயங்கும் இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேட்டில் ஒவ்வோர் ஆய்வும் பதிவாக வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு எண்ணும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் இல்லாமல், பணம் பெற்றுக்கொண்டு 'புதிய சிகிச்சை' அளிப்பதாகச் சொல்வோரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வீட்டில் போட வேண்டிய கணக்கு

ஆய்வு மருந்துக்கும் ஆய்வுக்காகவே செய்யப்படும் பரிசோதனைகளுக்கும் நோயாளியிடம் பணம் பெறலாகாது என்பது நெறிமுறை. நோயெதிர்ப்பு மருந்துகளின் விலை பல லட்சங்களைத் தொடும் நிலையில், பல குடும்பங்களுக்கு ஆய்வே அம்மருந்தை அடையும் ஒரே வழியாகத் தோன்றும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் இலவசம் என்பது முழுக் கணக்கன்று. மற்றப் பிரிவில் விழுந்தால் வழக்கமான மருந்துக்கு யார் பணம் தருவது? ஊரிலிருந்து வந்துபோகும் செலவும், உடன் வருபவரின் சம்பள இழப்பும், தங்கும் வாடகையும் எவ்வளவு? பயணப்படி தரப்படுமா? இவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

பணத்தினும் அரியது காலம். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவமனை, அடிக்கடி ஸ்கேன், சில ஆய்வுகளில் மீண்டும் சதைத் துணுக்கு எடுத்தல் என்று நாள்கள் செல்லும். பேரப்பிள்ளைகளோடு சொந்த ஊரில் இருக்க விரும்புபவர்க்கு அந்நாள்கள் பெரிய விலை. சிலர்க்கோ அடிக்கடி மருத்துவர் பார்வையில் இருப்பதே மன அமைதி தரும். எது தமக்கு ஏற்றது என்பதை நோயாளியே சொல்லட்டும்.

எல்லோரும் எல்லா ஆய்விலும் சேர இயலாது. தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் உடல்நிலை, சிறுநீரகம், கல்லீரல், இரத்த அணுக்கள் ஆகியவற்றின் நிலை, நோயின் வகை முதலியவை பார்க்கப்படும். சில ஆய்வுகள் இன்னும் எந்தச் சிகிச்சையும் தொடங்காதவர்க்கு மட்டுமே உரியவை. எனவே கீமோ தொடங்குமுன்னரே, "எனக்கு ஏற்ற ஆய்வு ஏதேனும் உண்டா?" என்று கேட்டுவிடுவது நல்லது. சேர்க்கப்படாவிட்டால் அது புறக்கணிப்பன்று. உங்கள் பாதுகாப்புக்காக வகுத்த எல்லை. கஷாயம், லேகியம் முதலிய நாட்டு மருந்துகளை உட்கொள்பவர் அவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்லீரலில் அவை ஏற்படுத்தும் மாற்றம் ஆய்வு மருந்தின் விளைவாகத் தவறாக எண்ணப்படலாம். இரண்டும் சேர்ந்து கேடு விளைவிக்கவும் கூடும்.

கேட்க வேண்டிய வினாக்கள்

அடுத்த சந்திப்புக்கு இவ்வினாக்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள். விடைகளைக் குறித்துக்கொள்ள வீட்டார் ஒருவர் உடன் வரட்டும்.

1. இது எந்தக் கட்ட ஆய்வு? இம்மருந்தை இதற்கு முன் எத்தனை பேர் பெற்றுள்ளனர்?
2. ஆய்வில் சேராவிட்டால் எனக்குக் கிடைக்கும் சிகிச்சை எது? அதனால் என்ன எதிர்பார்க்கலாம்?
3. குலுக்கல் உண்டா? மருந்துப்போலி உண்டா? மற்றப் பிரிவினர்க்கு என்ன தரப்படும்?
4. இதுவரை கண்ட பக்கவிளைவுகள் யாவை? நள்ளிரவில் தொல்லை வந்தால் யாரை, எந்த எண்ணில் அழைப்பது?
5. எத்தனை முறை வர வேண்டும்? கூடுதலாக எத்தனை ஸ்கேன், எத்தனை ஊசி?
6. எதற்கு நான் பணம் தர வேண்டும்? எதற்குத் தர வேண்டியதில்லை?
7. மருந்து எனக்குப் பயன்பட்டால், ஆய்வு முடிந்தபின்னும் அது கிடைக்குமா?
8. இந்த ஆய்வில் சேர்ந்தால் பின்னர் வேறு சிகிச்சைக்கோ வேறு ஆய்வுக்கோ தடை வருமா?
9. நான் விலகினால் என்னிடமிருந்து எடுத்த திசுவும் தகவல்களும் என்னவாகும்?
10. முடிவு சொல்ல எனக்கு எத்தனை நாள் உண்டு?

இவற்றைக் கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது. கேட்கும் நோயாளியை நல்ல ஆய்வாளர் விரும்பியே வரவேற்பார். விடை புரியவில்லை எனில் மீண்டும் கேளுங்கள்.

எம்முடிவாயினும்

ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், வலியும் மூச்சுத்திணறலும் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சை உங்களுக்கு உரியது. நெஞ்சில் சேரும் நீரை வடித்தல், வலிக்கு முறையான மருந்து, உணவு ஆலோசனை, மனத்துயருக்குத் துணை ஆகியவை கடைசி நாள்களுக்கு மட்டும் உரியவை என்று எண்ணுதல் தவறு. நோய் கண்டறிந்த நாள் முதலே அவற்றைக் கேட்டுப் பெறலாம்; பெரும்பாலான ஆய்வுகளில் இருந்துகொண்டும் பெறலாம்.

சேர்ந்தபின் மனம் மாறினால் விலகலாம். ஆனால் மருந்தைத் தாமே நிறுத்திவிட்டு ஊருக்குச் சென்றுவிடாமல், மருத்துவரிடம் சொல்லி, பாதுகாப்பாக நிறுத்தும் முறையைக் கேட்டு விலகுங்கள். சேர மறுத்தவரை "உயிர்மேல் ஆசையில்லையா?" என்று கேட்பதும், சேர்ந்து பயன்பெறாதவரைப் பற்றி "அன்றே வேண்டாம் என்றேனே" என்று பேசுவதும் வீட்டில் கூடாது. அன்று அறிந்தவற்றைக் கொண்டு அன்று எடுத்த முடிவு அது.

தகவல் தாளை வீட்டிற்கு எடுத்துச் செல்லுங்கள். நோயாளியும் குடும்பத்தாரும் சேர்ந்து படியுங்கள். புரியாத வரிகளின்கீழ்க் கோடிட்டுக் கொண்டுவாருங்கள். புறநோயாளர் பிரிவில் உங்கள் மருத்துவரோ ஆய்வு ஒருங்கிணைப்பாளரோ அவ்வரிகளை ஒவ்வொன்றாக விளக்குவார்கள். அதற்குப் பின்னரே பேனாவை எடுங்கள்.